அத்தியாயம் 5: பூட்டிய கதவை மீண்டும் பூட்டும் மனம்

இந்த அத்தியாயம் எண்ணச் சுழற்சி நோயைப் பற்றியது. மருத்துவமனைச் சீட்டில் ஓசிடி என்று எழுதியிருப்பார்கள். வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அது கிளப்பும் பதற்றத்தைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். நோய் என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

இது அபூர்வமான நோய் அல்ல. 2015–16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்கள் 1000 பேரில் ஏழெட்டுப் பேருக்கு இது இருக்கிறது. வண்டலூர் முதல் கூடுவாஞ்சேரி வரை ஜிஎஸ்டி சாலையை ஒட்டி எழும்பியிருக்கும் அடுக்குமாடி வளாகங்களில், ஆயிரம் பெரியவர்கள் குடியிருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டால் அங்கேயும் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. பல வீடுகளில் கணவனுக்கோ பெற்றோருக்கோகூட முழுதாகத் தெரியாது.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. வருகிற எண்ணத்தை நிறுத்தப் போராட வேண்டாம்; அந்த எண்ணத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்யும் செயலைக் குறைக்க வேண்டும். நோய் பிழைத்திருப்பது அந்தச் செயலால்தான்.

ஒரு காலை நேரம்

இது ஒருவருடைய கதை அல்ல. பலர் சொல்லும் அனுபவங்களைச் சேர்த்து எழுதிய உதாரணம்.

வண்டலூரில் வீடு, கிண்டியில் வேலை. அந்தப் பெண் கிளம்பும் முன் அடுப்பைப் பார்க்கிறார்; அணைந்திருக்கிறது. சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுகிறார். அடுப்புத் திருகு ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்க்கிறார். வெளியே வந்து கதவைப் பூட்டி, பூட்டை நான்கு முறை இழுக்கிறார். மூன்றாவது இழுப்பில் எதிர்வீட்டுக்காரர் “என்னம்மா, கிளம்பியாச்சா?” என்று கேட்டுவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். படியிறங்கும்போது அடுத்த சந்தேகம்: திருகை அழுத்தியபோது தெரியாமல் திறந்துவிட்டோமோ? மேலே ஏறி, இந்த முறை செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார். மின்சார ரயிலில் உட்கார்ந்ததும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பெருங்களத்தூர் தாண்டுகிறது. இது நேற்று எடுத்த படமாக இருந்தால்? தாம்பரத்தில் இறங்கி, செங்கல்பட்டு போகும் ரயிலுக்காக எதிர் நடைமேடைக்கு ஓடுகிறார்.

அடுப்பு அணைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கேட்டால், “தெரியுது, ஆனா விட முடியல” என்பார். பெரும்பாலான நோயாளிகள் சொல்வது இதைத்தான். அவரிடம் குறைவது அறிவல்ல, உறுதி. அந்த உறுதி எத்தனை முறை பார்த்தாலும் கிடைக்காது. ஏன் என்று இனி பார்ப்போம்.

சிந்தனையில் என்ன நடக்கிறது?

விபரீத எண்ணம் எல்லோருக்கும் வரும். மொட்டைமாடி விளிம்பில் நிற்கும்போது குதித்துவிட்டால் என்ன என்று தோன்றும். ரயில் வரும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றும். ஸ்டான்லி ராக்மன், இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் பத்மல் டி சில்வா இருவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு, நோய் இல்லாதவர்களில் பெரும்பான்மையோருக்கும் இத்தகைய எண்ணங்கள் வருவதைக் காட்டியது. 2014-ல் 13 நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், 100-க்கு 94 பேர் கடந்த மூன்று மாதத்தில் அப்படி ஓர் எண்ணமாவது வந்ததாகச் சொன்னார்கள்.

மற்றவர்கள் “சே, என்ன நினைப்பு இது” என்று விட்டுவிடுகிறார்கள். இந்த நோய் உள்ளவரால் விட முடிவதில்லை, ஏனென்றால் அவர் அந்த எண்ணத்துக்குக் கொடுக்கும் பொருள் வேறு. நான்கு வகைப் பிசகுகளை இங்கே காணலாம்.

முதலாவது, அளவுக்கு மீறிய பொறுப்பு. சாலையில் கிடக்கும் கண்ணாடிச் சில்லை எடுத்துப் போடாமல் வந்துவிட்டால், யாருக்குக் காலில் குத்தினாலும் தானே காரணம் என்று தோன்றும்.

இரண்டாவது, நினைப்பதையும் செய்வதையும் ஒன்றாக எண்ணுவது. கெட்டதை நினைத்தாலே அது நடந்துவிடும், அல்லது நினைத்ததே செய்ததற்குச் சமம் என்ற நம்பிக்கை.

மூன்றாவது, ஆபத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. பேருந்துக் கம்பியைத் தொட்ட கையால் குழந்தையைத் தூக்கினால் குழந்தை பிழைக்காது என்று மனம் சொல்லும்.

நான்காவது, மற்ற மூன்றுக்கும் வேராக இருப்பது: முழு உறுதி வேண்டும் என்ற பிடிவாதம். 99 சதவீதம் போதாது. மிஞ்சும் ஒரு சதவீதம்தான் இரவெல்லாம் தூங்கவிடாது.

திரும்பப் பார்த்தால் தெளிவு வரும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹவுட், மெரல் கிண்ட் இருவரும் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை உருவாக்கி, நோய் இல்லாத இளைஞர்களைத் திரும்பத் திரும்ப அணைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இது: அவர்களின் நினைவு தவறவில்லை, ஆனால் நினைவின் மீது இருந்த நம்பிக்கை சரிந்தது. காட்சி மங்கலாகத் தெரிந்தது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் தீர்வதில்லை, வளர்கிறது.

எண்ணத்தை அடக்குவதும் பயன் தராது. குரங்கை நினைக்காமல் மருந்து சாப்பிடு என்று சொன்ன வைத்தியர் கதை நமக்குத் தெரிந்ததுதான். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லி நடத்திய சோதனையிலும் அதுவே நடந்தது. விரட்ட விரட்ட எண்ணம் திரும்பி வரும்.

உணர்வில் என்ன நடக்கிறது?

பயம் எல்லோருக்கும் தெரிவது. அதற்கு அடியில் வேறு சில உணர்வுகள் இருக்கின்றன. சிகிச்சைக்கு வருவதைத் தள்ளிப்போட வைப்பவை அவைதான்.

ஒன்று அருவருப்பு. நோய் தொற்றும் என்ற பயமே இல்லாமல், ‘அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது’ என்ற உணர்வு மட்டும் விடாமல் இருக்கும். இன்னொன்று ‘இன்னும் சரியாகவில்லை’ என்ற உறுத்தல். செருப்பு நேராக இல்லை, எழுதிய எழுத்து அமையவில்லை. எதற்கும் பயமில்லை, ஆனால் சரிசெய்யாமல் நகர முடியாது.

மிகக் கனமானவை குற்ற உணர்வும் வெட்கமும். கருவறை முன் கைகூப்பி நிற்கும்போது அசிங்கமான சொல் ஒன்று மனதில் வந்து விழும். தொழுகைக்கு ஒளு செய்தவருக்கு அது முறிந்துவிட்டதோ என்று தோன்றும். மறுபடி மறுபடி செய்வார். பாவசங்கீர்த்தனம் முடித்து வெளியே வந்தவர் ஒன்றைச் சொல்ல மறந்தோமோ என்று உள்ளே திரும்புவார். இது பக்திக் குறைவு அல்ல. எதை உயிராக மதிக்கிறோமோ அதைத்தான் இந்த நோய் பிடிக்கும்.

பிரசவமான தாய்மார்களிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கையில் கத்தியோடு காய் நறுக்கும்போது, தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் குத்திவிடுவோமோ என்ற எண்ணம் சிலருக்கு வரும். அவர் நடுங்கிப்போய்க் கத்தியை எல்லாம் ஒளித்துவைப்பார், குழந்தையைத் தூக்கவே பயப்படுவார், யாரிடமும் சொல்லமாட்டார். அந்த எண்ணம் அவருடைய ஆசை அல்ல. அதைக் கண்டு அவர் நடுங்குவதே அதற்கு அடையாளம். மருத்துவரிடம் தயங்காமல் சொல்லலாம். ஆனால் காதில் குரல் கேட்டு அது கட்டளையிட்டாலோ, குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்று தாய் உறுதியாக நம்பினாலோ, தூக்கமே இல்லாமல் நடத்தை தலைகீழாக மாறினாலோ அது வேறு நோய். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாள்பட்டால் மனச்சோர்வு வந்து சேரும். வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அதை அப்படியே நம்புங்கள். உடனே உதவி தேடுங்கள்.

நடத்தையில் என்ன நடக்கிறது?

கண்ணுக்குத் தெரியும் செயல்கள்: கழுவுதல், சரிபார்த்தல், எண்ணுதல், அடுக்குதல், அழித்து எழுதுதல். நம் புறநகரில் கழுவும் பழக்கத்தைத் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். லாரித் தண்ணீர் வாங்கிச் சம்ப் நிரப்பும் வளாகத்தில், ஒரு வீட்டில் மட்டும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தால் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழும். நோய் வீட்டைத் தாண்டிச் சண்டையாகும்.

கண்ணுக்குத் தெரியாத செயல்கள்: மனதுக்குள் மந்திரம் சொல்வது, நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, கெட்ட எண்ணத்துக்கு ஈடாக நல்ல எண்ணம் ஒன்றை வைப்பது. இவையும் நோயின் செயல்களே. “அவன் சும்மாதானே உட்கார்ந்திருக்கான்” என்று வீட்டில் நினைப்பார்கள். உள்ளே அவன் ஓயாமல் உழைத்துக்கொண்டிருப்பான்.

மூன்றாவது, தவிர்த்தல். தாம்பரம் சானடோரியம் நிலையத்தை ரயில் கடக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்ளும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை அந்த ஊரில் இருக்கிறது. ஓடும் ரயிலில் போகிறவருக்குக் காசநோய் ஒட்டாது என்று அவருக்குத் தெரியும். முதலில் மூச்சை அடக்குவார். பிறகு ஜன்னலோரம் உட்காரமாட்டார். பிறகு ரயிலை விட்டுப் பேருந்தில் போவார். பிறகு வேலையையே விடுவார். தவிர்க்கத் தவிர்க்க உலகம் சுருங்கும்.

நோய் பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. கல்லூரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் ஆசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தேர்வில் விடை தெரிந்தும் முடிக்க முடியாதவர், ஒரே வரியை மீண்டும் மீண்டும் படிப்பவர், குளியலறையில் நெடுநேரம் இருப்பவர் சோம்பேறியாக இருக்க வேண்டியதில்லை.

பழக்கமா, நோயா?

சுத்தமாக இருப்பதும் மடி, எச்சில், தீட்டு பார்ப்பதும் நோய் அல்ல. குடும்ப வழக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு, குளித்தால் தீர்ந்தது. நோய்க்குத் தீர்ந்தது என்பதே இல்லை. கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்றுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

- எண்ணமும் செயலும் சேர்ந்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கின்றனவா?
- செய்யாவிட்டால் பதற்றம் தாங்க முடியவில்லையா?
- வேலை, படிப்பு, சாப்பாடு, தூக்கம் தடைப்படுகின்றனவா?
- வீட்டில் உள்ளவர்களும் அந்த விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறதா?
- மிகை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லையா?

வீட்டார் செய்ய வேண்டியது

அன்பினால் நோய்க்கு உதவிவிடுகிறோம். மகள் கேட்ட ஒவ்வொரு முறையும் “மூடிட்டே கண்ணு” என்று பதில் சொல்கிறோம். மகனுக்காக வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போடுகிறோம். ரயிலிலிருந்து வீடியோ அழைப்பு வந்தால் பூட்டைக் காட்டுகிறோம். அந்த நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும். அடுத்த முறை கேள்வி இன்னும் வேகமாக வரும்.

திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். திட்டவும் வேண்டாம். நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்து பேசி, எதை எப்படிக் குறைப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். பிறகு கேள்வி வரும்போது இப்படிச் சொல்லலாம்:

“அம்மா, கேஸை மூடிட்டேனா?”

“இதுக்கு ஒரு தடவைதான் பதில்னு பேசி வச்சிருக்கோம்ல கண்ணு. கஷ்டமாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். வா, கொஞ்ச நேரம் என்கூட உக்காரு.”

பதில் மறுக்கப்படுகிறது, துணை மறுக்கப்படவில்லை. அந்த வேறுபாடு குரலில் தெரிய வேண்டும்.

சிகிச்சை

இரண்டு வழிகள் நன்றாக நிரூபிக்கப்பட்டவை. முதலாவது நடத்தைச் சிகிச்சை. பயப்படுவதை எதிர்கொள்ள வேண்டும், ஆனால் வழக்கமாகச் செய்யும் செயலைச் செய்யாமல் இருக்க வேண்டும். லண்டனில் விக்டர் மேயர் 1966-ல் இரண்டு நோயாளிகளிடம் செய்து காட்டியதிலிருந்து இது வளர்ந்தது. சிறிய பயத்திலிருந்து பெரியதற்குப் படிப்படியாக ஏறுவார்கள். கேஸ் பயத்துக்கான படிகள் ஏறத்தாழ இப்படி இருக்கும். அடைப்பில் இருப்பது 10-க்கு எவ்வளவு பதற்றம் என்ற மதிப்பு.

1. இரவில் அடுப்பை ஒருமுறை கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் படுப்பது. (3)
2. ஒருமுறை பார்த்துவிட்டு, படம் எடுக்காமல் தெருமுனைக் கடைக்குப் போய் வருவது. (5)
3. பூட்டை ஒருமுறை மட்டும் இழுத்துவிட்டு ரயிலில் தாம்பரம் வரை போய் வருவது. வீட்டுக்கு போன் செய்யக் கூடாது. (7)
4. காலையில் ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு நாள் முழுக்க வெளியில் இருப்பது. (9)

ஒவ்வொரு படியையும் தினமும் செய்யுங்கள். ‘ஒன்றும் ஆகாது’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளவும் கூடாது; அதுவும் சரிபார்ப்பே. ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இந்தச் சந்தேகத்தோடு நான் வேலையைப் பார்க்கிறேன்’ என்று இருங்கள். பதற்றம் ஏறும், பெரும்பாலும் தானே இறங்கும். இறங்காத நாளும் வரும். அதைத் தாங்கிக்கொண்டே வேலை செய்ய முடிகிறது என்று மனம் கற்றுக்கொள்கிறதே, அதுதான் லாபம். கை கழுவுவதற்கு அளவு வேண்டுமென்றால், கொரோனா காலத்தில் எல்லோருக்கும் சொல்லப்பட்ட 20 நொடி போதும், அதுவும் சாப்பாட்டுக்கு முன்பும் கழிப்பறைக்குப் பின்பும். நோய் கடுமையாக இருந்தால் இந்தப் படிகளைத் தனியாக ஏற வேண்டாம். பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையோடு ஏறுங்கள்.

இரண்டாவது வழி மருந்து. ஃபுளுவாக்ஸ்டின், செர்ட்ராலின், ஃபுளுவாக்சமின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவற்றை முதலில் தருவார்கள். குளோமிப்ரமின் பழைய மருந்து, இன்றும் பயன்படுகிறது. மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவு தேவைப்படலாம். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்று நிறுத்திவிடுவதுதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. ஆரம்பத்தில் குமட்டல், தூக்கக் குறைவு இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை போதைப் பழக்கம் உண்டாக்குபவை அல்ல. குணமான பிறகும் ஓரிரு ஆண்டு தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இந்த நோய்க்கு மருந்தல்ல.

இரண்டு வழிகளும் மூளையைத் தொடுகின்றன. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதிக்கும் மூளையின் ஆழத்திலுள்ள பகுதிகளுக்கும் இடையே ஓடும் ஒரு சுற்று இந்த நோயில் அளவுக்கு மீறி இயங்குகிறது. கலிஃபோர்னியாவில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் 1992-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், மருந்தால் தேறியவர்களுக்கும் நடத்தைச் சிகிச்சையால் தேறியவர்களுக்கும் அதே பகுதியில் இயக்கம் தணிந்தது தெரிந்தது. ‘மனசு வச்சா சரியாயிடும்’ என்பது பயன் தராத அறிவுரை. முறையாகப் பயிற்சி செய்தால் மூளையே மாறும் என்பது உண்மை.

எங்கே போவது?

முதல் அழைப்பு 14416. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் இது. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

நேரில் பார்க்க, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வண்டலூரிலிருந்து நேராக மின்சார ரயில் போகிறது. பொத்தேரி, குரோம்பேட்டை, ரத்தினமங்கலம் பகுதிகளின் தனியார் மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. சென்னைக்குள் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794 முதல் இயங்குகிறது. புறநோயாளியாகவே பார்த்துவிட்டு வரலாம். எளிதில் கட்டுப்படாத நோய்க்குப் பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும், “எதிர்கொள்ளும் நடத்தைச் சிகிச்சை இங்கே தருகிறீர்களா?” என்று கேளுங்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை. மருத்துவக் காப்பீடு தரும் நிறுவனங்கள் மனநோயையும் உடல் நோயைப் போலவே சேர்க்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. கல்யாணம் தடைப்படும், ஆபீஸில் தெரிந்துவிடும் என்று பயந்து ஆண்டுகளைக் கடத்த வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு சிறு நோட்டு வாங்குங்கள். ஏழு நாளுக்கு நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள்: வந்த எண்ணம், பதற்றம் 10-க்கு எவ்வளவு, என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம் போனது. நன்றாக எழுத வேண்டும் என்று அழித்து எழுதாதீர்கள். அடித்தல் திருத்தலோடு இருக்கட்டும். அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதை அது சொல்லிவிடும். சிகிச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியும்.

மாதம் ஒருமுறை அதே கட்டங்களை நிரப்பி, கடைசிக் கட்டத்தின் நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். எண்ணம் முழுதாக மறைந்ததா என்று தேடாதீர்கள். அது எவருக்கும் மறைவதில்லை. நிமிடங்கள் குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. குறையாவிட்டால் அளவையோ வழியையோ மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.